ஒரு 'மே'... ஒரு 'ஷல்'!

"மே ஐ கம் இன் சார்?" - எல்.கே.ஜி-யில ஆரம்பிச்சு ஃபைனல் இயர் வைவா வரைக்கும் நாம விடாம சொல்ற இங்கிலீஷ் இதுதான். அந்தத் துக்கடா 'மே'வுக்குப் பின்னாடி ஒரு பெரிய சரித்திரமே இருக்கு. அதுக்கு முன்னாடி, நம்ம 'லாம்' பத்திக் கொஞ்சம்.

"நீ போகலாம்"னா அனுமதி. "சாயங்காலம் மழை வரலாம்"னா வாய்ப்பு. "வா மச்சான், டீ சாப்பிடலாம்"னா கூப்பிடறோம். ஒரே 'லாம்', மூணு வேலை! இங்கிலீஷ்ல முதல் ரெண்டுக்கும் 'மே' போதும். மூணாவதுக்கு 'லெட்ஸ்'. மழை வர்றது அவ்வளவு நிச்சயமில்லைன்னா 'மைட்'. ஃப்ரெண்டுகிட்ட பேனா கேட்க 'கேன் ஐ' போதும், 'மே ஐ'ன்னா அவன் பயந்துடுவான்.

'கேன்'னு சொன்னதும் ஞாபகம் வருது. இன்டர்வியூவுல "ஐ கேன் ஏபிள் டு" சொல்ற கோஷ்டி இன்னும் இருக்கு. ரெண்டுமே 'முடியும்'தான் பாஸ், ஒண்ணு போதும்!

நிஜமான கண்ணிவெடி 'மஸ்ட்'. "நீங்க அலைய வேண்டாம் சார், நானே வர்றேன்"னு பணிவா சொல்ல நினைச்சு, ஹெச்.ஓ.டி-கிட்ட "யூ மஸ்ட் நாட் கம் சார்"னு சொன்னா என்ன அர்த்தம் தெரியுமா? "நீ வரவே கூடாது!" இன்டர்னல் மார்க் அம்பேல். அங்கே சொல்ல வேண்டியது "யூ டோன்ட் ஹேவ் டு கம்". அதே 'மஸ்ட்'டை "அக்கா கல்யாணத்துக்கு யூ மஸ்ட் கம் சார்"னு போட்டா அன்பு வழியும். "யூ மஸ்ட் சைன் மை ரெக்கார்ட்"னா திமிர்.

இன்னொண்ணு. "அவன் வந்திருக்கணும்." வாசல்ல செருப்பு கிடக்கறதைப் பார்த்துச் சொன்னா 'மஸ்ட் ஹேவ் கம்'. வராம டிமிக்கி கொடுத்தவனைத் திட்டிச் சொன்னா 'ஷுட் ஹேவ் கம்'. தமிழ்ல சூழ்நிலையே காட்டிக் கொடுத்துடும். இங்கிலீஷ்ல வார்த்தையையே மாத்தணும்.

இப்போ அந்த 'மே' கதை. மத்திய அரசு வேலைகளுக்கு இங்கிலீஷ் 15 வருஷம் தொடரும்னு அரசியல் சட்டம் சொல்லியிருந்தது. அந்தக் கெடு முடியற நாள் 1965 ஜனவரி 26. அதுக்கப்புறமும் இங்கிலீஷ் இருக்கறதுக்காக 1963-ல் ஆட்சிமொழிகள் சட்டம் வந்தது. ஆனா அதுல இருந்தது "மே கன்டின்யூ டு பி யூஸ்டு". அதாவது, பயன்படுத்தலாம். 'மே' இருந்தா 'மே நாட்'டும் ஒளிஞ்சிருக்கும், 'ஷல்'னு போடுங்கனு அண்ணாவின் தி.மு.க. கேட்டது. இந்தி பேசாத மக்கள் விரும்பற வரைக்கும் இங்கிலீஷ் இருக்கும்னு நேரு வாக்குக் கொடுத்திருந்தார். ஆனா சட்டத்துல 'மே' அப்படியே நின்னது. 1964-ல் நேருவும் மறைஞ்சார். 1965 ஜனவரியில காலேஜ் பசங்க தெருவுக்கு வந்தாங்க. போராட்டத்துல உயிர்கள் போச்சு. 1967-ல் சென்னை மாநிலத்துல ஆட்சியே மாறிச்சு.

அதே 1967-ல் கொண்டுவந்த திருத்தத்துல 'ஷல்' உள்ளே வந்தது. இந்தியை ஆட்சிமொழியா ஏத்துக்காத மாநிலங்களோட மத்திய அரசு இங்கிலீஷ்லதான் கடிதப் போக்குவரத்து நடத்தணும். அதை நிறுத்தணும்னா அந்த மாநிலங்களோட சட்டசபைகள் எல்லாமே தீர்மானம் போடணும். ஆனா 3-வது பிரிவோட முதல் வரியைத் தேடிப் பாருங்க, அந்தப் பழைய 'மே' இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கு.