பேராக் தோட்டங்களும் தமிழ் வானொலியும்: பொது ஒலிபெருக்கி முதல் நெடுஞ்சாலை வணிக ஒலிபரப்பு வரை

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் தோட்டம், தொழிற்சங்கம், தமிழ்ப்பள்ளி, நாளிதழ் ஆகியவற்றிற்கு அளித்த இடத்தை வானொலிக்கு அளிக்கவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. வானொலியைப் பற்றிப் பேச நேரும்போதும், அறிவிப்பாளர்களின் மொழித்தூய்மை, திரைப்பாடல்களின் மிகுதி என்னும் இரண்டோடு உரையாடல் நின்றுவிடுகிறது. இக்கட்டுரையில் நாம் வேறொரு வினாவை எழுப்ப விழைகிறோம். தமிழ் வானொலி தன் நேயரை எந்த ஊரினராகக் கருதிப் பேசியது? ஈப்போவையும் அதனைச் சூழ்ந்த முன்னாள் இரப்பர்த் தோட்டங்களையும் முன்வைத்து இவ்வினாவை அணுகும்போது, வணிக ஒலிபரப்பின் வரலாறு தோட்டங்களின் கலைவோடு பின்னிக் கிடப்பதைக் காண்கிறோம்.

பெரட்டுக்களத்து ஒலிபெருக்கி

மலாயாவில் முறையான ஒலிபரப்பு 1930களில் தொடங்கியது. அக்காலத்தில் வானொலிப் பெட்டி துரைமார் பங்களாவிலும் வசதி படைத்த நகரத்தார் வீடுகளிலுமே இருக்கக்கூடிய பொருள். போருக்குப் பின், 1946 ஏப்ரல் 1ஆம் நாள் மலாயா வானொலி நிறுவப்பட்டது. எனினும் பேராக் தோட்டத் தொழிலாளிக்கும் வானொலிக்கும் உறவு ஏற்படுவதற்கு அமைப்பு மாற்றத்தைவிட அரசியல் நெருக்கடியே காரணமாயிற்று.

1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இதனையடுத்து அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. காட்டோரத்தில் வாழ்ந்த தொழிலாளர்களின் செவி யார் பக்கம் சாய்கிறது என்பது அரசுக்கு உயிர்நிலையான வினாவாயிற்று. எழுத்தறிவு குறைந்த மக்களிடம் துண்டறிக்கையைவிட ஒலியே விரைந்து செல்லும் என்பதை அதிகாரிகள் உணர்ந்தனர். 1950இல் பிபிசியிலிருந்து மலாயாவுக்கு வந்து அவசரகாலத் தகவல் பணிகளுக்குத் தலைமை தாங்கிய ஹியூ கார்ல்டன் கிரீன், பின்னாளில் அந்நிறுவனத்தின் தலைமை இயக்குநராகவே உயர்ந்தவர். இத்தகைய ஒருவரை இங்கு அனுப்பியமை, ஒலிபரப்புக்குத் தரப்பட்ட முதன்மையை விளக்கும்.

இச்சூழலில் புதுக்கிராமங்கள், கம்பங்கள், தோட்டங்கள் ஆகிய இடங்களில் பொதுக் கேட்பு வானொலிகள் வைக்கப்பட்டன. எப்போது கேட்பது, எதைக் கேட்பது என்பவற்றைக் கேட்போர் முடிவு செய்யவில்லை. பால்மரம் வெட்டி, பால் நிறுத்து, லயத்துக்குத் திரும்பியவர்கள் கூடி நின்று கேட்டார்கள். இங்கு நேயர் என்பவர் தனிமனிதர் அல்லர். ஒரு தோட்டமே நேயர். தமிழ் ஒலிபரப்பு தோட்டப்புறத்தை எட்டியது தமிழ் வளர்ச்சிக்காக அன்று. ஆயினும் பெரட்டுக்களத்தில் கங்காணியின் குரலை மட்டுமே கேட்டுப் பழகிய மக்களுக்கு, தம்மை அதட்டாமல் பேசும் ஒரு தமிழ்க்குரல் முதன்முறையாக வாய்த்தது என்பதையும் நாம் மறுத்தல் இயலாது.

பெட்டி வீட்டுக்கு வந்தபோது

1949இல் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் தொடங்கப்பட்ட ரிடிஃப்யூஷன், மலாயாவின் தொடக்ககால வணிக ஒலிபரப்பாகும். அது கம்பிவழி இயங்கியது. மாதக் கட்டணம் செலுத்தும் நகரத்தார்க்கே உரியது. இரப்பர்க் காட்டுக்குள் கம்பி இழுத்து இலாபம் காண இயலாது. ஆகவே வணிக ஒலிபரப்பின் முதல் அலை தோட்டத்தைத் தீண்டாமலே கடந்து சென்றது.

நிலைமையை மாற்றியது டிரான்சிஸ்டர். மின்சாரம் எட்டாத, அல்லது மாலையில் சில மணி நேரமே எட்டிய லயங்களில், பேட்டரியால் இயங்கும் சிறுபெட்டி 1960களில் பரவியது. பெட்டி வைத்திருப்போர் உரிமக் கட்டணமும் செலுத்த வேண்டியிருந்தது. (அஞ்சல், தொலைத்தொடர்புத் துறைக்கு அந்நாளில் அமைச்சராக விளங்கிய துன் வீ. தி. சம்பந்தனும் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவரே.) இதே பத்தாண்டில் அரசு வானொலியிலும் விளம்பரங்கள் ஒலிக்கத் தொடங்கின. சவர்க்காரமும் தலைவலி மாத்திரையும் விற்பவர்க்குத் தோட்டத் தொழிலாளி இப்போது ஒரு வாடிக்கையாளராகத் தெரிந்தார்.

இங்கு நேயர் விருப்ப நிகழ்ச்சிகளைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். அஞ்சலட்டையில் பாடலின் பெயரையும் விரும்பிக் கேட்போரின் பெயர்களையும் எழுதி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் பெயரையும் தோட்டத்தையும் ஊரையும் படித்துவிட்டுப் பாடலை ஒலிக்கவிடுவார். இவ்வடிவம் நமக்கு மட்டும் உரியதன்று. 1950இல் தோன்றிய இலங்கை வானொலி வர்த்தக சேவையின் தமிழ்ப்பிரிவு தமிழகத்தையே தன்பால் ஈர்த்ததற்கு இத்தகைய நிகழ்ச்சிகளும் ஒரு காரணம். அகில இந்திய வானொலி 1952 முதல் திரைப்பாடல்களை ஒதுக்கியபோது நேயர்கள் கடல் கடந்த அலைவரிசைக்குத் திரும்பினர்; 1957இல் விவித பாரதியைத் தொடங்கியே அவர்களை மீட்க வேண்டியதாயிற்று.

பெயர் வாசிப்பு நேயர்க்குச் செய்யும் மரியாதை என்றே நாம் கருதி வந்துள்ளோம். அதற்கு வணிகப் பயனும் உண்டு. நிலையத்துக்கு வந்து குவியும் ஒவ்வோர் அட்டையும், ஒலி எங்கெங்கு எட்டுகிறது என்பதை விளம்பரதாரர்க்குக் காட்டும் சான்று. ஆனால் வணிகம் தனக்காகச் செய்த ஒன்று, தோட்டத்து மக்களுக்கு வேறொன்றாயிற்று. ஆங்கில நிறுவனக் கணக்கேட்டில் ஏக்கராகவும் பால் எடையாகவும் மட்டும் பதிவான ஒரு தோட்டம், தலைநகரத்து நிலையத்தில் தன் பெயர் சொல்லப்படக் கேட்டது. மணமான மகள் வாழும் தோட்டத்தின் பெயரையும் பெற்றோர் வாழும் தோட்டத்தின் பெயரையும் ஒரே மூச்சில் சொல்லிச் சென்றது வானொலி. தொலைபேசி அரிதாக இருந்த காலத்தில் இதன் பொருள் சிறியதன்று.

நெடுஞ்சாலை வானொலி

அப்பெயர்கள் வாசிக்கப்பட்ட காலத்திலேயே தோட்டங்கள் கலையத் தொடங்கியிருந்தன. வெளிநாட்டு உரிமையாளர்கள் தோட்டங்களை விற்க, அவை துண்டாடப்பட்டதன் எதிர்விளைவாகவே 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. பின்னர் இரப்பர் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. நகருக்கு அண்மையில் இருந்த நிலங்கள் வீடமைப்புக்குச் சென்றன. லயத்தார் ஈப்போவின் புறநகர்களுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் சிதறினர்.

1994 இங்குக் குறிப்பிடத்தக்க ஆண்டு. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்ட அதே ஆண்டில் 'டைம் ஹைவே ரேடியோ' என்னும் தனியார் வானொலி தொடங்கியது. பெயரே நேயரின் இருப்பிடத்தைச் சொல்லிவிடுகிறது. நேயர் இப்போது தோட்டத்தில் இல்லை. சாலையில், வாகனத்துக்குள் இருக்கிறார். தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், பீடோர், தாப்பா, கோப்பெங், ஈப்போ, கோலகங்சார், தைப்பிங் என நீளும் இச்சாலை பழைய தோட்டப்பகுதிகளின் ஊடாகவே செல்கிறது. ஆனால் அவற்றின் பெயர் சொல்லும் பலகை அதில் இல்லை. சந்திப்புகளின் பெயர்களே உள்ளன.

2000களின் நடுப்பகுதியில் இந்நிலையம் ஆஸ்ட்ரோ குழுமத்தின் பொறுப்பில் வந்தது. தமிழ் ஒலிபரப்பு 'டி.எச்.ஆர். ராகா' எனவும், பின்னாளில் 'ராகா' எனவும் வழங்கலாயிற்று. அரசின் தமிழ்ச்சேவையும் 2005இல் 'மின்னல்' எனப் பெயர் பூண்டது. இவை ஈப்போவில் கேட்கப்படுகின்றன. ஆனால் ஈப்போவில் பிறந்தவை அல்ல. பண்பலையின் தெளிவு, இரவுபகல் ஒலிபரப்பு, நேரடித் தொலைபேசி உரையாடல் ஆகியவை உண்மையான பேறுகளே. 2006இல் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்ட யோகி பி, நட்சத்ரா போன்றோரின் சொல்லிசை வழியாக மலேசியத் தமிழ் இளைஞர்களின் குரல் கடல் கடந்து சென்ற காலமும் இதுவே. இவற்றைக் குறைத்து மதிப்பிடல் நம் நோக்கமன்று.

தனியார் வானொலியின் கலப்புத் தமிழே கேடு என்பார் பலர். இதனை நாம் முழுமையாக ஏற்கவில்லை. பழைய அரசு வானொலியின் செந்தமிழ்ச் செய்தியறிக்கையிலும் பெரட்டு, மங்கு, கித்தா என்னும் தோட்டச் சொற்களுக்கு இடமில்லை. இன்றைய நகர்ப்புறக் கலப்புத் தமிழிலும் இல்லை. ஒன்று தூய்மைக்காக ஒதுக்கியது. மற்றொன்று அறியாமலே விட்டது. பழைய வானொலிக்கு இருந்த வேறுபாடு, சொற்களை ஒதுக்கியபோதும் ஊர்ப்பெயரை அது வாசித்தது என்பதே. நேயரை அஞ்சலட்டையால் அறிந்த முறை போய், வயது, வருமானம், கேட்கும் நேரம் என்னும் கணக்கெடுப்பால் அறியும் முறை வந்தபோது அதற்கும் தேவையில்லாது போயிற்று.

இன்று அத்தோட்டப் பெயர்கள் பொதுவழக்கில் எஞ்சியிருக்கும் இடங்களில் தமிழ்ப்பள்ளிகள் முதன்மையானவை. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில், டோவன்பி, ஈவூட் என்னும் பெயர்களைப் பள்ளிகள் தாங்கி நிற்கின்றன. இப்பள்ளிகளில் பணிபுரியும் ஆசிரியர்கள் மாணவரின் தாத்தா, பாட்டியரிடம் கேட்டுப் பதிவு செய்யத்தக்க வினாக்கள் சில உள்ளன. தோட்டத்தில் முதல் வானொலிப் பெட்டி யார் வீட்டில் இருந்தது. யாரெல்லாம் கூடிக் கேட்டனர். உரிமச் சீட்டு ஏதேனும் பெட்டியடியில் கிடக்கிறதா. அஞ்சலட்டையை எழுதிக் கொடுத்தவர் யார். தம் தோட்டத்தின் பெயர் ஒலித்த நாளில் எந்தப் பாடல் ஒலித்தது. கடைசி வினாவுக்குத் தயங்காமல் விடை சொல்லக்கூடியவர்கள் இன்று எழுபது, எண்பது வயதைக் கடந்தவர்கள்.