புல்வெளி தரிசு அன்று

ஜலதோஷம் வந்துவிட்டால் நமது வீட்டுப் பெரியவர்கள் முதலில் தேடுவது நீலகிரித் தைலப் புட்டியைத்தான். கொதிக்கும் வெந்நீரில் நாலு சொட்டு விட்டு, கம்பளியால் தலையை மூடி ஆவி பிடித்தால், அடைத்த மூக்குத் திறந்துகொள்ளும். இந்தத் தைலம் நமது மலை நமக்குத் தந்த சீதனம் என்றே நாம் எல்லோரும் எண்ணியிருக்கிறோம். ஆனால், தைலம் தரும் அந்த மரம் நமது மலையில் பிறந்தது அன்று. அது ஆஸ்திரேலியா தேசத்துப் பிரஜை. 19-ஆம் நூற்றாண்டில் கப்பலேறி இங்கே வந்து சேர்ந்தது. நீலகிரியில் அதற்குக் கற்பூர மரம் என்று பெயர்.

அப்படியானால், அந்த மரம் வந்து நிற்பதற்கு முன் அந்த இடத்தில் என்ன இருந்தது? பெரும்பாலும் புல் இருந்தது.

"வெறும் புல்தானா!" என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அவ்விதம் கேட்டவர்கள் முன்பும் பலர் உண்டு. அவர்களில் வெள்ளைக்காரத் துரைமாரும் உண்டு, நமது சொந்த சர்க்காரின் அதிகாரிகளும் உண்டு. அந்த ஒரு சொல்லால் விளைந்த நஷ்டத்தைப் பற்றியே இங்கே சொல்லப் புகுகின்றோம்.

பூமி தரிக்கும் ஆடைகள்

பூமியில் எந்த இடத்தில் எது முளைக்கும் என்பதைப் பெரும்பாலும் இரண்டு விஷயங்கள் நிர்ணயிக்கின்றன. ஒன்று வெப்பம், மற்றொன்று மழை. பூமத்திய ரேகையின் அருகே சூரியன் நேர் மேலே காய்வதால் ஈரக் காற்று சூடேறி உயரக் கிளம்புகிறது. மேலே போனதும் குளிர்ந்து, சுமந்து வந்த நீரை எல்லாம் மழையாகக் கொட்டிவிடுகிறது. அமெஸான் நதிப் படுகையிலும், காங்கோவிலும், போர்னியோத் தீவிலும் சூரிய வெளிச்சம் தரையில் விழாதபடி அடர்ந்த காடுகள் வளர்ந்திருப்பதற்கு இதுவே காரணம். நீரை இழந்த அந்தக் காற்று வடக்கும் தெற்குமாகப் பிரிந்து சென்று, ஏறக்குறைய 30-ஆவது அட்சரேகையின் பக்கத்தில் வறண்ட காற்றாய்க் கீழே இறங்குகிறது. ஸஹாரா, அரேபியா, ஆஸ்திரேலியாவின் நடுப்பாகம் ஆகிய பெரும் பாலைவனங்கள் இந்த வரிசையில் அமைந்திருப்பது தற்செயல் அன்று.

மழைக்காட்டுக்கும் பாலைவனத்துக்கும் நடுவே, வருஷத்தில் சில மாதம் மட்டும் மழை காணும் பிரதேசங்கள் இருக்கின்றன. அங்கே உயர்ந்த புல்லும், இடையிடையே தனித்து நிற்கும் மரங்களும் காணப்படும். ஆப்பிரிக்காவின் ஸெரெங்கெட்டி வெளியில் லக்ஷக்கணக்கான காட்டு மாடுகள் மழையைத் தொடர்ந்து வருஷந்தோறும் யாத்திரை செய்வது இத்தகைய நிலத்தில்தான். இன்னும் வடக்கே சென்றால், குளிர்காலத்தில் இலை உதிர்க்கும் ஓக் மரக் காடுகள். ருஷியாவிலும் அமெரிக்காவிலும் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்த புல்வெளிகள். அவற்றுக்கும் அப்பால், ஸைபீரியாவிலிருந்து கானடா வரை உலகத்தின் தலையைச் சுற்றி முண்டாசு கட்டினாற்போல் ஊசியிலைக் காடுகள். கடைசியில், நிலத்தின் அடிப்பாகம் வருஷம் முழுவதும் உறைந்து கிடக்கும் துருவப் பிரதேசம். அங்கே மரம் வேர்விட வழியில்லை. பாசியும், கற்பாசியும், சாண் உயரமே வளரும் செடிகளும், அவற்றை மேயும் கலைமான்களுமே அந்த நிலத்துக்குரிய செல்வங்கள்.

இவ்வாறு, அந்தந்தச் சீதோஷ்ணத்துக்குத் தக்க ஆடையை அந்தந்த நிலம் உடுத்திக்கொள்கிறது. அந்த ஆடையின் மடிப்பிலேயே பிராணிகள் வாழ்கின்றன. நிலத்தையும் பொழுதையும் முதலாகக் கொண்டு, அதற்குரிய மரம், பூ, பறவை, விலங்கு எல்லாவற்றையும் கருப்பொருள் என வகுத்த நம் தமிழ் முன்னோருக்கு இந்த எண்ணம் புதியது அன்று.

ஒரே ரயிலில் பல தேசங்கள்

1802-இல் அலெக்ஸாந்தர் ஹம்போல்ட் என்ற ஜெர்மானிய அறிஞர் தென் அமெரிக்காவில் உள்ள சிம்பொராஸோ மலைமீது ஏறினார். பூமத்திய ரேகையிலிருந்து துருவத்தை நோக்கிச் செல்லும்போது தாவரங்கள் எப்படி மாறுகின்றனவோ, ஏறக்குறைய அப்படியே மலை அடிவாரத்திலிருந்து உச்சிவரை அடுக்கடுக்காக மாறுவதை அவர் எடுத்துக் காட்டினார். ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய 2 டிகிரி சென்டிகிரேட் குளிர்ச்சி கூடுவதே இதன் இரகசியம்.

இதைக் காண நாம் சிம்பொராஸோவுக்குப் போக வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறினால் போதும். அடிவாரத்தைச் சுற்றியுள்ள நிலம் வெயிலில் காய்ந்த முட்காடு. கல்லாற்றில் கமுகந் தோப்புகளின் நிழல் தட்டுகிறது. அங்கிருந்து பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு வண்டி மெள்ள மெள்ள ஏற, வறண்ட மரங்கள் மறைந்து ஈரக் காடு சூழ்ந்துகொள்கிறது. குன்னூரைத் தாண்டியதும் சால்வையைத் தேடுகிறோம். சுமார் 7,300 அடி உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் இறங்கும்போது, மேட்டுப்பாளையத்து வெயில் எந்த தேசத்திலோ விட்டு வந்ததுபோல் தோன்றும்.

இங்கேதான் ஒரு புதிர். நீலகிரியின் மேற்குச் சரிவுகளில் பெய்யும் மழை சாமானியமானது அன்று. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 30 அங்குலத்துக்கு மேல் மழை பொழிந்தது. இவ்வளவு மழை பெய்யும் இடம் முழுவதும் காடாக அல்லவா இருக்கவேண்டும்? ஆனால் மலையின் ஆதி உருவம் அவ்விதம் இல்லை. மலை மடிப்புகளிலும் ஓடைக் கரைகளிலும் மட்டும் குட்டை மரங்கள் நெருங்கிய சோலைகள். மற்ற சரிவெல்லாம் அலையலையாகப் புல்வெளி. சோலை முடிந்து புல் தொடங்கும் இடம் கத்தரித்து விட்டாற்போல் இருக்கும். ஏன்?

உறைபனியின் தீர்ப்பு

மனிதர் காட்டை வெட்டியும் தீயிட்டும் மாடு மேய்த்தும் உண்டாக்கியதே இந்தப் புல்வெளி என்று சிலர் சாதித்தார்கள். 1938-இல் ஸி. ஆர். ரங்கநாதன் என்னும் வன அதிகாரி வேறு அபிப்பிராயத்தை வெளியிட்டார். புல்வெளிக்குக் காரணம் உறைபனியே என்பது அவருடைய கட்சி. டிசம்பர், ஜனவரி மாதங்களில் வானம் தெளிந்திருக்கும் இரவுகளில், திறந்த வெளியில் தரையின் வெப்பம் முழுவதும் ஆகாயத்துக்குப் போய்விடுகிறது. விடியற்காலையில் புல்லின்மேல் வெள்ளை விரித்தாற்போல் பனி உறைந்து கிடக்கிறது. சோலை மரத்தின் இளங்கன்று அந்தக் குளிரில் கருகிப்போகும். புல்லோ, மேலே கருகினாலும் அடியிலிருந்து மறுபடியும் துளிர்க்கும். சோலைக்குள் மரக்கிளைகளே கூரையாக நின்று வெப்பத்தைக் காப்பதால், தாயின் நிழலில் மட்டும் கன்று பிழைக்கிறது.

வெகு காலம் நடந்த இந்த வாதத்தில், மலையின் சதுப்பு மண் சாட்சி சொல்ல வந்தது. புல்லுக்கும் மரத்துக்கும் உடலில் சேரும் கரியின் தன்மையில் நுட்பமான வேற்றுமை உண்டு. நீலகிரிச் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்திருந்த மண்ணை நமது விஞ்ஞானிகள் சோதித்து, 1993-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் செழித்திருந்தது என்பது தெரிந்தது. பனிக்காலமும் மழைக்காலமும் மாறி மாறி வந்தபோதெல்லாம் புல்லும் சோலையும் ஒன்றுக்கொன்று இடம் விட்டும் இடம் பிடித்தும் வாழ்ந்திருக்கின்றன. 2020-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, புல்வெளியில் நட்ட சோலைக் கன்றுகளை உறைபனி அழிப்பதை நேராகவே காட்டியது. ரங்கநாதனின் எண்ணத்துக்கு எண்பது ஆண்டுகள் கழித்துப் பலம் கிடைத்தது.

ஆக, இந்தப் புல்வெளி யாரோ அழித்துப் போட்ட காடு அன்று. அது தன் உரிமையால் அங்கே இருப்பது.

தரிசு என்ற ஒரு சொல்

1819-இல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் ஸல்லிவன் நீலகிரிமீது ஏறினார். குளிர்ந்த மலையைக் கண்ட ஆங்கிலேயர் அங்கே பங்களாக்கள் கட்டினார்கள். கணப்பு மூட்ட விறகு வேண்டியிருந்தது. அருகிலிருந்த சோலைகள் கோடாலிக்கு இரையாயின. சோலை மரம் மெதுவாக வளர்வது. வெட்டிய வேகத்துக்கு அது ஈடுகொடுக்கவில்லை. ஆகையால், விரைந்து வளரும் கற்பூர மரத்தையும், நீலகிரியில் சீகை என்று சொல்லப்படும் மரத்தையும் ஆஸ்திரேலியாவிலிருந்து தருவித்தார்கள். எங்கே நடுவது? புல்வெளிதான் 'சும்மா' கிடக்கிறதே! வரி தராத நிலமெல்லாம் அவர்கள் கணக்கில் தரிசு. தோதவர்களின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்த வெளி, ஒரு பேனாக் கீறலில் பயனற்ற நிலமாயிற்று.

அந்நியரைக் குறை கூறுவது நமக்குச் சுலபம். உண்மையை ஒளிக்காமல் சொல்லவேண்டுமானால், 1947-க்குப் பிறகு இந்த வேலை நிற்கவில்லை, பெருகியது. தோல் பதனிடுவதற்குச் சீகைப் பட்டையும், ரேயான் நூலுக்குக் கற்பூர மரமும் வேண்டுமென்று, மலைச் சரிவுகளை வரிசை வரிசையாக நாமே மூடினோம். 1988-ஆம் வருஷத்துத் தேசிய வனக் கொள்கைக்குப் பிறகே கை ஓய்ந்தது. அதற்குள் சீகை தானாகவே பரவக் கற்றுக்கொண்டுவிட்டது. அதன் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு காத்திருக்கும்; தீ பட்டால் நூற்றுக்கணக்கில் முளைக்கும். சோலைக் கன்றைக் கொல்லும் உறைபனி அதை அவ்வளவாக வருத்துவதில்லை. பழனி மலையில் நாற்பது ஆண்டுகளுக்குள் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துபோயிற்று என்று ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களை ஒப்பிட்ட ஆராய்ச்சியாளர் கணக்கிட்டிருக்கிறார்கள்.

சமவெளியில் உள்ளோர்க்கும் பங்கு உண்டு

மலையில் புல் போனால் நமக்கென்ன என்று ஈரோட்டிலும் திருச்சியிலும் உள்ளவர்கள் இருந்துவிட முடியாது. புல்லின் வேர்ப் பின்னலும் அதன் கீழுள்ள கறுத்த மண்ணும் சதுப்புகளும் மழைநீரை உறிஞ்சி, மழை ஓய்ந்த பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விடுகின்றன. பவானியும் மாயாறும் அவ்வாறு பிறந்து, காவிரிக்குப் போய்ச் சேருகின்றன. கிளென்மார்கன் என்னுமிடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு புல்வெளி நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு, ஒன்றில் கற்பூர மரம் நட்டு, மற்றதை அப்படியே விட்டு, மண்வள ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகள் நீரை அளந்தார்கள். மரம் நட்ட பக்கத்தில் முதற் பத்தாண்டில் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. மரம் வளர்த்தால் நீர் பெருகும் என்று நாம் குழந்தைப் பருவத்தில் படித்த பாடம் எல்லா நிலத்துக்கும் பொருந்தாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு இந்தப் புல்லையே நம்பி வாழ்வது. 2024-இல் எண்ணியபோது தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் இருந்தன. 2025-இல் 1,303 தென்பட்டன. மனத்துக்கு ஆறுதல் தரும் கணக்குத்தான். எனினும் ஒரு சிறு கிராமத்தின் ஜனத்தொகைக்கும் இது அதிகமன்று. புல்தரையில் கூடு கட்டும் நீலகிரி நெட்டைக்காலிப் பறவையின் கதியும் இதுவே. மரங்கள் மூடிய சரிவில் அதற்கு வீடு இல்லை. தோதவர்கள் தங்கள் கோயிலுக்குக் கூரை வேயச் சதுப்பு நிலத்துப் புல்லையே தேடுகிறார்கள். அதற்கு இப்போது வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கிறது.

கோடாலி மட்டும் போதுமா?

அப்படியானால் அந்நிய மரங்களை எல்லாம் வெட்டித் தள்ளிவிடலாமே என்று தோன்றும். 2022-இல் தமிழ்நாடு சர்க்கார் அந்நியத் தாவரங்களை அகற்றி நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரத் தனிக் கொள்கையே வகுத்தது. ஆனால் வேலை கடினமானது. சீகையை வெட்டிய இடத்தில் வெளிச்சம் பட்டதும் மண்ணில் தூங்கிய விதைகள் எழுந்துகொள்கின்றன. வருஷந்தோறும் கன்றுகளைக் கையால் பிடுங்கிப் புல் நட்டுக் காக்க ஆள் வேண்டும். இன்னொரு சங்கடமும் உண்டு. சில பழைய தோப்புகளின் நிழலில், உறைபனிக்குத் தப்பிச் சோலைக் கன்றுகள் முளைத்திருக்கின்றன. அங்கே கோடாலி போட்டால் சோலையும் சேர்ந்து சாகும். ஆகவே, மீதியுள்ள புல்வெளியின் ஓரத்தில் புதிதாகப் பரவும் கன்றுகளை முதலில் களைவதும், சோலை தலையெடுத்துள்ள இடத்தை விட்டு வைப்பதும் விவேகம் என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள். நமக்கும் அதுவே சரியாகப் படுகிறது. கெடுப்பதற்கு ஒரு தலைமுறை போதுமாயிருந்தது. திருத்துவதற்குப் பல தலைமுறைகள் ஆகலாம்.

மலை உச்சியில் இரவுகள் வெப்பமடைந்து வருமானால் உறைபனியின் காவலும் தளர்ந்துவிடும். இருப்பதைக் காக்க இப்போதே முந்திக்கொள்வது அவசியம்.

மரம் நடுவது புண்ணியம் என்பதை நாம் மறுக்கவில்லை. சாலையோரத்தில் நடுங்கள், வீட்டுக் கொல்லையில் நடுங்கள், காடு அழிந்த இடத்தில் அந்தக் காட்டின் மரத்தையே நடுங்கள். ஆனால், புல்லுக்கு உரிய நிலத்தைப் புல்லுக்கே விட்டு வைப்பதும் அதே அளவு புண்ணியம் என்பதை நம் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி இந்தப் புல்வெளிச் சரிவுகளில் வளரும் செடி. 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. அடுத்தது 2030. அன்று நாம் குழந்தை குட்டிகளோடு மலையேறிச் செல்லும்போது, நீலம் போர்த்த சரிவு ஒன்று நமக்காகக் காத்திருக்க வேண்டும். அது இருக்குமா, இராதா என்பது குறிஞ்சியின் கையில் இல்லை.