மேகமலையின் மந்தியும் குருவியும்

பெருநாள் விடுமுறையில் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் பகுதிக் குடும்பங்கள் பல மேகமலைக்குப் போய் வருகின்றன. அங்கே அழிவின் விளிம்புக்கு நகரும் இரண்டு உயிரினங்களை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

ஒன்று, சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்கு. கருத்த உடல், முகத்தைச் சுற்றிச் சாம்பல் பிடரி, குஞ்சம் வைத்த வால். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இதற்குக் காடு இல்லை. மொத்தமே 4,000க்கும் குறைவு என்கிறது கணிப்பு.

மற்றொன்று, வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி. பெயரில்தான் கிளி; உண்மையில் ஒரு சாண்கூட இல்லாத, கருநீல நிறமுள்ள பாடும் குருவி. பழனிமலை, ஆனைமலை, மேகமலை போன்ற உயர்ந்த மலைச் சோலைகளே இதன் வீடு.

இரண்டுக்கும் காடு ஒன்றுதான். வசிக்கும் தளம் வேறு. மந்தி மரஉச்சியில் கிளைக்குக் கிளை தாவிப் பழம் தேடும். சாலையும் தேயிலைத் தோட்டமும் குறுக்கிட்டால் அதன் பாதை அறுந்துபோகும். குருவியோ தரையோரப் புதரில் பூச்சி தேடும். மேலே மரம் நின்றாலும் கீழே புதரை வெட்டினால் அது வீடிழக்கும். ஆகவே, "மரத்தை வெட்டவில்லையே" என்று சொல்வது மட்டும் போதாது.

இழப்பை ஈடுகட்டுவதும் எளிதல்ல. மந்தி ஈனுவது ஒரு குட்டி. அடுத்த குட்டிக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டு. குருவி பெரும்பாலும் இடுவது இரண்டே முட்டை.

பூமியில் ஊர்வனவும் சிறகடித்துப் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அல்அன்ஆம் அத்தியாயத்தின் 38ஆவது வசனம் உணர்த்துகிறது. ஒரு பயணத்தில் தோழர்கள் பறவையொன்றின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அபூதாவூதில் இச்செய்தி உள்ளது.

2021இல் இப்பகுதி ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமானது. ஆனால் அரசு மட்டும் காத்துவிட முடியாது. மந்திக்குத் தின்பண்டம் போடாதீர்கள். அந்த ருசிக்குச் சாலைக்கு இறங்கி வாகனத்தில் அடிபடும். பிளாஸ்டிக் குப்பையை வீட்டுக்கே திரும்ப எடுத்து வாருங்கள். ஏலத்தோட்டம் வைத்திருப்போர் ஓடைக்கரைப் புதர்களையாவது விட்டுவையுங்கள்.

சுருளியாற்று நீர் அந்த மலைக்காட்டின் கொடை. நாம் உளூச் செய்யும் தண்ணீரிலும் மந்தியும் குருவியும் வாழும் காட்டுக்குப் பங்குண்டு. அந்த அமானிதத்தைப் பேணும் மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.