கொல்ப் வண்டியும் கடற்கரை மணலும்

சீனன்குடாவில் இலங்கை விமானப்படையினர் நடத்திவரும் கொல்ப் மைதானத்தைப் போன்ற, வெட்டிச் சீராக்கிய புற்றரைகளுக்கென்றே வகுக்கப்பட்ட பற்றரி வண்டியை, திருகோணமலை நகருக்கு வடக்கே கடலைப் பார்த்துக் கிடக்கும் உப்புவெளியின் மணலில் இறக்கினால், அது சிறிது தூரம் முனகிக்கொண்டே சென்று புதைந்து நின்றுவிடும். விருந்தினரையும் அவர்தம் பொதிகளையும் சுமக்க இத்தகைய வண்டியொன்றை வைத்துக்கொள்ள எண்ணுபவர், மோட்டாரையே மாற்றத் துணிவதற்கு முன்னர், அதற்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் கொன்ட்ரோலரையும் நிலத்தைத் தொடும் ரயர்களையும் ஒருங்கே வைத்துச் சிந்திப்பது விவேகம்.

இவ்வண்டிகளின் சாதாரண ரயர் 18 அங்குல உயரமும் எட்டரை அங்குல அகலமும் உடையது. தோற்றக் கம்பீரத்தை விரும்பி, வண்டியின் உடலையும் உயர்த்தி, 22 அங்குல ரயர் பூட்டுவோர் உண்டு. மோட்டார் அதே கதியில் சுழல, வண்டியின் வேகம் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் கூடும் என்பது உண்மையே. ஆனால் சக்கரம் நிலத்தைத் தள்ளும் பலம் ஏறக்குறைய அதே பிரமாணத்திற் குறைந்துபோகும். மணலுக்கு வேண்டியதோ வேகமன்று, பலம். ஆகவே உயரத்தை அதிகம் கூட்டாது அகலத்தைக் கூட்டி, காற்றைச் சற்றுக் குறைத்து ஓட்டுவதே உசிதம். பாரம் பரந்து படியும்போது சக்கரம் புதைவதில்லை. நிலாவெளி வீதியின் தாருக்கு ஏறியதும் காற்றை மீண்டும் நிரப்பவேண்டும். இல்லையேல் பற்றரி வீணே தேயும்.

இனி கொன்ட்ரோலர். முற்கால வண்டிகளில் வேகத்தைக் குறைப்பதற்குத் தடைக்கம்பிச் சுருள்களே இருந்தன. மிஞ்சிய சக்தி முழுவதும் உஷ்ணமாகி விரயமாயிற்று. இன்றைய கொன்ட்ரோலரோ மின்சாரத்தை ஒரு விநாடியில் ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி விடுத்து, வேண்டிய அளவை மட்டும் மோட்டாருக்கு அனுப்புகிறது. வோல்ற்று வேகத்தையும் அம்பியர் முறுக்குப் பலத்தையும் தருகின்றன என்று பொதுவாகக் கொள்ளலாம். 250 அம்பியர் கொன்ட்ரோலரைக் கழற்றி 400 அம்பியர் ஒன்றைப் பொருத்தினால், மேட்டிலும் மணலிலும் வண்டி உற்சாகமாக இழுக்கும். சமதரையில் உச்சவேகம் பெரிதாக உயராது. இதை அறியாது செலவுசெய்து ஏமாந்தவர்கள் பலர்.

பழைய வயர்களை அப்படியே விட்டுவைப்பதுதான் இவ்விடயத்தில் மிகப் பெரிய அசட்டுத்தனம். வயரில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு வளர்வதால், 250 அம்பியர் 400 ஆகும்போது அது இரண்டரை மடங்கைத் தாண்டிவிடுகிறது; ஆதலின் தடித்த வயரும், மின்னோட்டத்தை இணைத்துப் பிரிக்கும் பெரிய சொலனொயிட்டும் கூடவே வரவேண்டும். மோட்டார் எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதை முதலில் நிச்சயித்துக்கொள்ளாமல் கொன்ட்ரோலர் வாங்கலாகாது. ஓர் இனத்துக்குரியது மற்றதற்குப் பொருந்தாது. பற்றரி இணைப்பைக் கழற்றிய பின்னரும் கொன்ட்ரோலருக்குள் மின்சாரம் சிறிதுநேரம் தங்கியிருக்கும் என்பதால், வேலையை அறிந்த ஒருவரிடமே இதனை ஒப்படைக்கவேண்டும்.

உப்புக்காற்று செம்பையும் ஈயத்தையும் அரிக்க வல்லது. இணைப்புகளைத் துடைத்து வாசலின் பூசிவைப்பது இக்கரையில் அவசியமான கடமை. பிரேக்கையும் மறக்கலாகாது: வலுவேறிய வண்டிக்குப் பழைய பிரேக் போதுமா என்று பரீட்சித்த பின்னரே ஆட்களை ஏற்றவேண்டும்.

கைப்பணம் குறைவாயின், முதலில் அகன்ற ரயர்களை மட்டும் மாற்றி, பாரம் ஏற்றி, மணலில் ஓட்டிப் பாருங்கள்; அதன் பின்னும் வண்டி திணறினால் மாத்திரமே கொன்ட்ரோலருக்குச் செலவிடுங்கள்.