ஊட்டிக்குப் போனீர்களே, இதையெல்லாம் பார்த்தீர்களா?

ஊட்டி என்றால் படகு சவாரி, பூங்கா, வர்க்கி, சாக்லேட். அவ்வளவுதானா? ஊரைச் சுற்றி எந்தச் சாலையில் இறங்கினாலும் ஒரு வரலாறு காத்திருக்கிறது! காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பிவிடலாம்!

ஊட்டியின் கதை தொடங்கியது ஊட்டியில் அல்ல, தெரியுமா? கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறி வந்து முதலில் பங்களா கட்டியது கோத்தகிரிக்குப் பக்கத்தில், கன்னேரிமுக்கில்! அந்த வீடு இன்று அருங்காட்சியகம். ஊட்டியில் அவர் கல் பங்களாவைக் கட்டத் தொடங்கியதே 1822-ல்தான். இப்போது அது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது!

திப்பு சுல்தானின் அரண்மனை மரங்கள் எங்கே இருக்கின்றன தெரியுமா? ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயத்தில்! திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் 1799-ல் வீழ்ந்தது. 1829-ல் தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். முப்பதே ஆண்டுகளில் மன்னனின் மாளிகை உத்தரங்கள் வெள்ளைக்காரர்களின் கோயிலுக்குக் கூரை தாங்க வந்துவிட்டன! உள்ளே போனால் ஒரு நிமிடம் அண்ணாந்து பாருங்கள். சல்லிவனின் மனைவியும் மகளும் அடக்கமானது இதன் கல்லறைத் தோட்டத்தில்தான்.

சரி, மலை ரயிலுக்கு வருவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் போக எவ்வளவு நேரம்? கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம்! 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைப்பாதைகள்! மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரம். ஊட்டியோ 2,203 மீட்டர்! கல்லாறு முதல் குன்னூர் வரை பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி ஏற்றம். சாதாரண சக்கரம் வழுக்கிவிடாதா? வழுக்கும்! அதனால்தான் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை. இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. இன்ஜின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது! இந்தியாவில் இப்படிப் பல்சக்கரத்தில் ஓடும் ரயில் இது ஒன்றுதான். பேச்சு எழுந்தது 1854-ல், வேலை தொடங்கியது 1891-ல், ஊட்டிக்கு வண்டி வந்தது 1908-ல்! ஒரு காலத்தில் ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்த இன்ஜின்களை இப்போது திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே செய்கிறார்கள். பெருமையாக இல்லையா?

குன்னூரில் இறங்கினால் பாஸ்டர் நிறுவனம். வெறிநாய்க்கடி மருந்துக்காக 1907-ல் திறந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918-ல் பிறந்தது எங்கே தெரியுமா? இதே கட்டடத்தின் ஒரே ஓர் அறையில்!

ஸ்னூக்கர் விளையாட்டின் விதிகளை 1882-ல் எழுதி ஒட்டிய இடம்? ஊட்டி கிளப்!

கூடலூர் சாலையில் பைக்காராவைத் தாண்டினால் நடுவட்டம். மலேரியாவுக்கு மருந்தான சின்கோனா மரங்களை வளர்க்க 1860-களில் இங்கே வேலை வாங்கப்பட்டவர்கள் யார்? கடல் தாண்டிக் கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகள்! அந்தப் பழைய சிறை இன்னும் நிற்கிறது.

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் ஒரு மலைச்சரிவே தொலைநோக்கி ஆனது தெரியுமா? 1970-ல் வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழு அமைத்த வானொலித் தொலைநோக்கியின் நீளம் 530 மீட்டர். ஐந்து கால்பந்து மைதானங்களை வரிசையாகப் போட்டது போல! சரிவின் சாய்வு சுமார் 11 டிகிரி, ஊட்டியின் அட்சரேகையும் அதே 11 டிகிரி! அதனால் ஒரே அச்சில் திருப்பியே ஒரு விண்பொருளை ஒன்பதரை மணி நேரம் விடாமல் தொடரலாம்!

ஆனால் இந்த மலையின் முதல் முகவரி தோடர் பழங்குடியினருடையது. முத்தநாடு மந்து என்ற அவர்களின் குடியிருப்பில் கூம்பு வடிவில் உயர்ந்து நிற்கும் அவர்கள் கோயிலைப் பார்த்திருக்கிறீர்களா? மூங்கில், பிரம்பு, புல் வேய்ந்த கூரை! குனிந்து தவழ்ந்தால்தான் நுழைய முடியும், அதுவும் பூசாரி மட்டும். வெளியிலிருந்து பார்த்தாலே போதும், மலைப்பு தீராது!

அதையும் விடப் பழையது வேண்டுமா? கோத்தகிரியைத் தாண்டி இருளர் ஊரான கரிக்கையூர்ப் பக்கம் காட்டுக்குள் ஒரு பாறை. அதில் நூற்றுக்கணக்கான ஓவியங்கள்! தென்னிந்தியாவின் மிகப் பெரிய பாறை ஓவியத் தளங்களில் இதுவும் ஒன்று! கொடுமை என்னவென்றால், வந்தவர்கள் அதன் மேலேயே பெயரைக் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். போக வேண்டுமானால் வனத்துறை அனுமதி கட்டாயம். முன்கூட்டியே கேட்டுவையுங்கள், விடியும்போதே கிளம்புங்கள்!