பாங்கி விழுந்தது; பொறுப்பேற்றவர் யார்?

சங்கத்துப் பணத்துக்குக் கேடு வந்தால் அங்கத்தினர்களுக்குக் கோபம் பிறப்பது இயல்பு. ஆனால், கோபம் வேறு. கணக்குக் கேட்கும் வழி வேறு. கோபம் நாளடைவில் ஆறிவிடும். கணக்குக் கேட்கும் வழியோ முன்கூட்டியே எழுத்தில் அமைந்திருந்தால்தான் பயன்படும். இதை விளக்கும் நிகழ்ச்சி ஒன்று 2008-ஆம் ஆண்டில் பிரிட்டனில் நடந்தது.

ராயல் பாங்க் ஆப் ஸ்காட்லாந்து என்பது 1727-இல் எடின்பரோ நகரில் தோன்றிய பழம்பெரும் பாங்கி. அதன் தலைமை நிர்வாகியாக இருந்த பிரெட் குட்வின், பாங்கித் தொழிலுக்கு ஆற்றிய சேவைக்காக 2004-இல் 'சர்' பட்டம் பெற்றவர். 2007-இல் இப்பாங்கி வேறு இரு பாங்கிகளுடன் சேர்ந்து, நெதர்லாந்து நாட்டின் ஏ.பி.என். ஆம்ரோ என்ற பெரிய பாங்கியை ஏறக்குறைய 7,100 கோடி யூரோவுக்கு வாங்கியது. இத்தனை பெரிய கொள்முதலுக்கு முன், வாங்கப்படும் பாங்கியின் உள்நிலை குறித்துக் கிடைத்த விவரம், இரண்டு காகிதக் கோப்புகளும் ஒரு குறுந்தகடுமே என்று பிற்கால விசாரணை அறிக்கை கூறிற்று. ஆயினும் டைரக்டர்கள் அனைவரும் ஒருமனதாக ஆதரவு தெரிவித்தனர்.

பாங்கியின் சொந்த மூலதனம் குறைவு. குறுகிய தவணைக் கடனையே அது பெரிதும் நம்பியிருந்தது. 2008 அக்டோபரில் கடன் கொடுப்போர் கையை மூடிக்கொண்டதும், கதவைச் சாத்தும் நிலை வந்தது. சர்க்கார் தலையிட்டு, பல தவணைகளில் மொத்தம் 4,550 கோடி பவுன் பொதுப்பணத்தைச் செலுத்திப் பாங்கியைக் காப்பாற்றியது. அவ்வாண்டின் நஷ்டம் மட்டும் 2,400 கோடி பவுனுக்கு மேற்பட்டது. ஊழியர்கள் பல்லாயிரவர் வேலையிழந்தனர்.

பதவியை விட்டுச் சென்ற குட்வினுக்கோ, ஐம்பது வயதிலேயே ஆண்டுக்கு 7,03,000 பவுன் ஓய்வூதியம் கிடைப்பதாக 2009-இல் தெரியவந்தது. மக்கள் கொதித்தெழுந்தனர். எடின்பரோவில் அவரது வீட்டு ஜன்னல்கள் உடைக்கப்பட்டன. பின்னர் அவர் ஓய்வூதியத்தை 3,42,500 பவுனாகக் குறைத்துக்கொள்ள இசைந்தார். 2012-இல் 'சர்' பட்டமும் பறிக்கப்பட்டது. ஆனால், பாங்கியை வீழ்த்தியதற்காக அவர் எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தப்படவில்லை.

இதற்குக் காரணம் என்ன? பாங்கிகளைக் கண்காணித்த நிதிப்பணிகள் ஆணையம் விசாரணை நடத்தி, தனிமனிதர் மீது நடவடிக்கை எடுக்க இயலாது என்று 2010 டிசம்பரில் அறிவித்தது. தவறான தீர்மானம் செய்வது தன்னளவில் சட்டமீறல் ஆகாது. இன்னார் இன்ன கடமையை மீறினார் என்று தனித்தனியே நிரூபிக்க வேண்டும். எல்லோரும் சேர்ந்து முடிவு செய்த இடத்தில், பொறுப்பு யார் கையிலும் அகப்படவில்லை. ஊரார் கோபத்துக்கு ஜன்னலை உடைக்கும் வலிமை இருந்தது. எழுதப்படாத பொறுப்பை எழுதிச் சேர்க்கும் வலிமை இருக்கவில்லை.

பிரிட்டன் இக்குறையை உணர்ந்தது. பாங்கி விழக் காரணமாகும் பொறுப்பற்ற தீர்மானத்தைச் செய்யும் உயர் நிர்வாகிக்கு ஏழாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. ஒவ்வோர் உயர் நிர்வாகியின் பொறுப்பும் இன்னதென்று எழுத்தில் இருக்கவேண்டும் என்ற விதியும் 2016 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால், இவை முன் நடந்தவற்றுக்குப் பொருந்தா. சர்க்கார் தன் கடைசிப் பங்குகளை 2025 மே மாதத்தில் விற்றபோது, போட்ட பணத்தில் சுமார் 1,000 கோடி பவுன் திரும்பவில்லை.

நமது சங்கங்களுக்கு இதில் படிப்பினை உண்டா? உண்டு. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983-இன் 87-ஆம் பிரிவு தண்டத்தீர்வை பற்றியது. நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர் நம்பிக்கை மோசடியாலோ, வேண்டுமென்றே காட்டிய கவனக்குறைவாலோ சங்கத்துக்கு இழப்பு உண்டாக்கினால், அத்தொகையை அவரிடமிருந்தே வசூலிக்க அது இடமளிக்கிறது. பெரிய பாங்கியின் பங்குதாரருக்குக் கிட்டாத ஆயுதம் நமக்கு இருக்கிறது. ஆனால், அந்த ஆயுதம் தீர்மானப் புத்தகத்தில்தான் கூர்மை பெறுகிறது.

நான் ஆய்வுக்குச் சென்ற ஒரு விற்பனைச் சங்கத்தில், மணிலாக்கொட்டையை அதிக விலைக்கு வாங்கி இருப்பு வைத்ததில் பெருநஷ்டம் நேர்ந்திருந்தது. அங்கத்தினர்கள் சீற்றத்துடன் என்னைச் சூழ்ந்துகொண்டனர். தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினேன். "ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது" என்ற ஒற்றை வரியே இருந்தது. சந்தை விலையை விசாரித்தவர் யார், யோசனை கூறியவர் யார், ஆட்சேபித்தவர் எவரேனும் உண்டா என்பதற்குச் சான்றே இல்லை. அவர்களுக்கு நான் அளிக்க முடிந்த பதில் மிகச் சிறியது. அன்று தலைகுனிந்து திரும்பியதை இன்னும் மறக்கவில்லை.

ஆதலின் அங்கத்தினர்களுக்கு மூன்று வேண்டுகோள். பெரிய கொள்முதல், பெரிய கடன் ஆகியவற்றில் விசாரித்தவர் பெயரும் விசாரித்த விவரமும் தீர்மானத்தில் இடம்பெறச் செய்யுங்கள். மாறுபட்ட கருத்துடைய நிர்வாகக் குழு அங்கத்தினர் அதைப் பெயருடன் பதிவு செய்யத் தயங்க வேண்டாம். பொதுச்சபைக்கு வரும்போது ஐந்தொகையையும் தணிக்கைக் குறிப்பையும் படித்துவிட்டு வாருங்கள்.

கெட்டபின் கூடிக் கோபிப்பதைவிட, கெடுமுன் கூடிக் கேள்வி கேட்பதே கூட்டுறவாளனுக்கு அழகு.