கலைக்களஞ்சியக் கட்டுரையை மதிப்பிடுவது எப்படி?

(மூன்றாம் ஆண்டு இளங்கலை, புவியியல்)

தேர்வு விடைத்தாளைப் படிப்பவர் பொருளை முன்பே அறிந்தவர். கலைக்களஞ்சியக் கட்டுரையைப் படிப்பவரோ அறியாதவர். எழுதியவனை நம்பியே படிக்கிறார். விடைத்தாளில் ஒரு மதிப்பெண்ணைக் குறைக்கும் பிழை, களஞ்சியத்தில் பலரை வழிதவறச் செய்துவிடும்.

சென்ற பருவத்தில் எங்கள் வகுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு புவியியல் கோட்பாட்டைக் கலைக்களஞ்சிய முறையில் எழுதினோம். எனக்குக் கிடைத்தது, ஜெர்மானியப் புவியியலார் வால்டர் கிறிஸ்டாலர் 1933-இல் வெளியிட்ட மைய இடக் கோட்பாடு. பிறர் கட்டுரையில் குறை காண்பதினும் என் கட்டுரையையே அளந்து பார்ப்பது முறையாகும். அதற்கு ஐந்து வினாக்கள் போதும்.

1. வரையறை சரியா?

"நகரங்கள் அறுகோண வடிவில் அமைந்துள்ளன" என்று தொடங்கியிருந்தேன். இது பிழை. அறுகோணம் நகரின் வடிவம் அன்று. அந்நகரின் கடைகளையும் பணிகளையும் நாடிவரும் சுற்றுப்புறத்தின் வடிவம். வட்டங்களை அடுக்கினால் இடையே வெற்றிடம் விழும். இல்லையேல் ஒன்றன்மேல் ஒன்று படியும். இடைவெளியின்றிப் பொருந்தும் ஒழுங்கான வடிவங்களுள் வட்டத்திற்கு மிக நெருங்கியது அறுகோணமே. இக்காரணத்தைக் கூறாத கட்டுரை படத்தைக் காட்டுமேயன்றி விளக்கம் தராது.

2. எடுகோள்கள் உள்ளனவா?

மேடுபள்ளமற்ற சமவெளி, சீராகப் பரவிய மக்கள், ஒரே அளவான வாங்கும் திறன், தொலைவுக்கேற்ற போக்குவரத்துச் செலவு, அருகிலுள்ள மையத்தையே நாடும் நுகர்வோர் ஆகியவை இக்கோட்பாட்டின் அடிப்படைகள். இவற்றை விட்டுவிட்டால், "இவை இருப்பின் இவ்வாறு அமையும்" என்பது "இவ்வாறே அமைந்துள்ளது" என்று திரிந்துவிடும்.

3. கணக்கு விளங்குகிறதா?

'கே' மதிப்பு 3, 4, 7 என்று மனப்பாடமாக எழுதியிருந்தேன். சந்தைக் கொள்கையில் பெரிய மையம் தன் பகுதி முழுவதையும், சூழ்ந்துள்ள 6 சிறு மையங்களின் பகுதிகளில் மூன்றில் ஒரு பங்கையும் பெறும்; 1+2=3. போக்குவரத்துக் கொள்கையில் பாதிப் பங்கு; 1+3=4. ஆட்சிக் கொள்கையில் முழுப் பகுதியும்; 1+6=7. இரண்டு வரி கூட்டியிருந்தால் படிப்பவரே சரிபார்த்திருப்பார்.

4. சான்று எது?

கிறிஸ்டாலர் தென் ஜெர்மனியை ஆராய்ந்து மையங்களை 7 படிகளாக வகுத்தார். அவர் வகுத்த முறையில் கீழ்ப்படி மையங்களின் இடைவெளி 7 கிலோமீட்டர். அடுத்தவை 12, 21 என வளர்ந்து உச்சப் படியில் 186 ஆகும். மக்கள்தொகை மிகுந்த ஊரே உயர்ந்த மையம் என்று நான் எழுதியதும் தவறு. ஓர் ஊரின் தொலைபேசி இணைப்புகள், அதன் மக்கள்தொகைக்கு எதிர்பார்க்கத்தக்க அளவினும் எவ்வளவு மிகுதி என்றே அவர் கணக்கிட்டார். சுரங்கத் தொழிலாளர் நிறைந்த ஊர் பெரிதாயினும், சுற்றுப்புற மக்கள் அதை நாடாவிடில் அதன் மையத்தன்மை குறைவே.

5. வரலாறு மறைக்கப்பட்டதா?

என் கட்டுரையின் பெருங்குறை இங்கேதான் இருந்தது. கிறிஸ்டாலர் 1940-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். ஜெர்மனி கைப்பற்றிய போலந்துப் பகுதிகளில் குடியிருப்புகளை மாற்றியமைக்கும் திட்டப்பணியில் இக்கோட்பாட்டைப் பயன்படுத்தினார். அங்கு வாழ்ந்த போலந்து மக்கள் விரட்டப்பட்டனர், யூதர்கள் கொல்லப்பட்டனர். தாளில் வெறுமையாகத் தோன்றும் சமவெளி, உண்மையில் மனிதர் வாழ்ந்த நிலம். "தலைசிறந்த அறிஞர் படைத்த அழகிய கோட்பாடு" என்று முடித்திருந்த என் வரியை ஆசிரியர் அடித்துவிட்டு, "புகழவும் வேண்டாம், பழிக்கவும் வேண்டாம், நடந்ததை எழுது" என்று ஓரத்தில் குறித்திருந்தார். கோட்பாட்டின் பயனும் அது பயன்பட்ட விதமும் ஒருசேர இடம்பெற்றாலன்றிக் கட்டுரை நடுநிலையாகாது.

மொழிநடையும் நீளமும் இவற்றிற்குப் பின்னரே கருதத்தக்கவை. மாணவ நண்பர்களே, எழுதி முடித்ததும் புவியியல் பயிலாத தோழர் ஒருவரிடம் கட்டுரையைக் கொடுங்கள். அதைப் படித்துவிட்டு அவர் தாமே ஓர் அறுகோணம் வரைந்து 3 என்னும் விடையைப் பெறவேண்டும். அந்த அறுகோணத்துள் யார் வாழ்ந்தனர் என்றும் கேட்கவேண்டும். அவ்வாறு கேட்டால் உங்கள் கட்டுரை தேறிவிட்டது என்று கொள்ளலாம். என்னுடையதை இப்போது மறுபடியும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.